மிதிபலகையின் தாமதம்

புதிய மின்சுற்றுப் போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கொழும்பிலிருந்து தபாலில் வந்த அந்தப் பச்சைத் தகடு என் சுட்டுவிரலின் நீளம்கூட இல்லை. அதைக் கெடுத்துவிட்டால் இன்னொன்று வந்து சேர ஒரு கிழமைக்கு மேலாகும். அறுவடை ஸ்தோத்திர ஆராதனை அதற்கு முன்னரே வந்துவிடும். சோல்டரிங் அயன் சூடேறும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் முன் இருந்தேன். 

மேசையில் குப்புறக் கிடந்தது அம்மாவின் மிதிபலகை. பழைய கட்டிலொன்றின் சட்டங்களை அறுத்து நான் செய்தது. எட்டுச் சட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வில்லும் ஓர் அழைப்புமணிப் பொத்தானும். சட்டத்தைக் காலால் மிதித்தால் பொத்தான் அழுந்தும். அதை ஒரு மெல்லிய கம்பி நடுவிலிருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் போர்டுக்குத் தெரிவிக்கும். போர்ட் அதை ஒரு மிடிச் செய்தியாக மாற்றி அனுப்பும். மிடி என்பது ஓசை அன்று. எந்தச் சுரம், எப்போது தொடங்கியது, எப்போது விடப்பட்டது என்று சொல்லும் வெறும் செய்தி. ஓசையை உண்டாக்குவது அந்தச் செய்தியைப் பெறும் கருவி.

அம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள எங்கள் சிறிய தேவாலயத்தில், தாம் மாணவியாக இருந்த காலந்தொட்டு ஓர்கன் வாசித்து வந்தவர். ஓர்கன் கறையானுக்குப் போன பிறகு கீபோர்ட் வந்தது; வாசிப்பவர் மாறவில்லை. ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. வலது கை மெட்டை வாசிக்கும். இடது கை தர வேண்டிய கீழ்ச்சுரங்களைத் தர எதுவும் இல்லை.

கீழ்ச்சுரம் இல்லாவிட்டால் என்ன என்று வேறொரு சபையில் கேட்கலாம். எங்கள் சபை பாட்டை இழுத்துப் பாடும் சபை. ஒவ்வோர் அடியின் முடிவிலும் கடைசி எழுத்தை நீட்டி, ஆறுதலாக மூச்சுவிட்டு, பிறகே அடுத்த அடிக்குப் போவார்கள். அந்த நீட்டலின் அடியில் ஒரு கனத்த சுரம் படுத்திருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் நிற்பார்கள். அது இல்லாத ஞாயிறுகளில் முன்வரிசையும் பின்வரிசையும் வேறு வேறு இடங்களில் மூச்சுவிட்டன. இரண்டு சபைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது போலிருந்தது. அம்மா வீட்டுக்கு வந்து நேரே அறைக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொள்வார்.

அதற்காகத்தான் மிதிபலகையைச் செய்தேன். நான் இலக்கியம் படிப்பவள். மின்னியல் எனக்குப் பாடம் அன்று. காணொளிகளைப் பார்த்து, பிழைவிட்டு, மறுபடி பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலில் கிடைத்த மலிவான போர்டைப் பூட்டினேன். அந்தப் போர்டுக்கு நேரடியாக மிடி பேசத் தெரியாது. அது சொல்வதை என் மடிக்கணினியில் ஒரு சிறு செயலி கேட்டு, மொழிமாற்றி, இன்னொரு செயலிக்குக் கொடுக்க, அந்த இரண்டாவது செயலி ஓசையை எழுப்பும். நீண்ட ஏற்பாடுதான். ஆனால் அம்மா வலது கையாலும் இடது காலாலும் ஓராண்டுக்கு மேலாக வாசித்தார். சபை பழையபடி ஒரே இடத்தில் மூச்சுவிட்டது.

பிறகு ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் நடுவில் மின்சாரம் போனது. தேவாலயத்தின் மாற்று மின் பற்றரி உடனே பொறுப்பேற்றது, கீபோர்ட் உயிர்த்தது. தன் பற்றரி செத்த என் மடிக்கணினியோ முதலிலிருந்து விழித்தெழ வேண்டியிருந்தது. அது எழுந்து முடிவதற்குள் பாட்டு சிதறி, யாரோ இருமி, யாரோ சிரித்து, காணிக்கைத் தட்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

தட்டை ஏந்தியிருந்தவர் சபைச் செயலாளர். நாங்கள் அவரை அங்கிள் என்போம். வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர், எதுவும் உரிய நேரத்தில் முடிய வேண்டும் என்பவர். அன்று ஆராதனை முடிந்ததும் கீபோர்ட்டருகே வந்தார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. அறுவடைக்குச் சனம் கூட வரும். வெளிநாட்டாக்களும் நிப்பினம். அண்டைக்கும் உப்பிடி நிண்டால் என்ன செய்யிறது?"

"ஒருக்காத்தானே நிண்டது," என்றார் அம்மா.

"அந்த ஒருக்கா என்ரை கையிலை தட்டெல்லோ இருந்தது. முன்னுக்குப் போறதோ பின்னுக்குப் போறதோ எண்டு தெரியாமல் கலியாண வீட்டுப் பொம்மை மாதிரி நிண்டனான்."

அம்மா சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை.

"யாழ்ப்பாணத்திலை ஒரு தம்பி இருக்கிறார். தன்ரை கீபோர்ட்டோடை வருவார். தாளமெல்லாம் தானா ஓடும். பாட்டும் நேரத்துக்கு முடியும், ஏலமும் நேரத்துக்குத் தொடங்கும்."

அறுவடை ஆராதனை முடிந்ததும், பீடத்தின் முன் படைத்த விளைபொருள்களைத் தேவாலய வளவில் ஏலம் கூறுவது எங்கள் வழக்கம். பூசணி, வாழைக்குலை, வெங்காயப் பிடி, பனையோலைக் குட்டானில் பனங்கட்டி. மீன்பிடி ஊரான மயிலிட்டியில் பெண்ணெடுத்த ஒருவர் ஆண்டுதோறும் பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு பெரிய மீனைக் கொண்டுவருவார். அது தேவாலயத்துக்குள் வராமல் மாமரத்தின் கீழ் காத்திருக்கும். ஏலம் பிந்தினால் மீன் பழுதாகும், சனம் சாப்பாட்டுக்குக் கலைந்துவிடும் என்பது அங்கிளின் நிலையான கவலை.

"சனிக்கிழமை ஒத்திகைக்கு வாறன்," என்றார். "மிதிக்கிற பெட்டி சரியெண்டால் நீங்கள் வாசியுங்கோ. இல்லாட்டி அந்தத் தம்பிக்கு ஒரு ரெலிபோன் கோல். அவர் தயாரா நிக்கிறார்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்.

"தானா ஓடுற தாளம் நிக்காது பிள்ளை. எங்கடை சனம் மூச்சு விடவேணும்."

தாம் விலக்கப்படுவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விடுவதற்காகத்தான் இதைச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது.

புதிய போர்ட் நேரடியாக மிடி பேசும். மடிக்கணினி தேவையில்லை, என் கைத்தொலைபேசியில் ஒரு வயரைச் செருகினால் போதும், தொலைபேசியே ஓசையைத் தரும். மின்சாரம் போனாலும் அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. பழைய போர்ட் ஐந்து வோல்ற்றில் இயங்கியது. புதியதில் கம்பிகளைப் பூட்டும் கால்கள் மூன்று வோல்ற்றுக்குச் சற்று மேல்தான் தாங்கும். பொத்தான்களால் சிக்கலில்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நான் வைத்திருந்த சாய்மிதிதான் சிக்கல். அதற்குள் ஒரு பழைய வானொலியின் ஒலித்திருகி. அதற்கு ஐந்து வோல்ற் கொடுக்கும் சிவப்புக் கம்பி. அதை மாற்றாமல் பூட்டினால் புதிய போர்டின் அந்தக் கால் எரிந்துவிடும்.

நான் பூட்டியபோது எல்லாக் கம்பிகளும் சிவப்பாகவே கிடைத்தன என்பதை அப்போதுதான் நினைத்தேன். எட்டுப் பொத்தான்களின் கம்பிகளும் சிவப்பு, மின்னைக் கொண்டுவரும் கம்பியும் சிவப்பு. ஒவ்வொன்றாக மின்னளக்கும் மல்ற்றிமீற்றரின் முனையை வைத்துப் பார்த்து, வெட்டி, காகிதத் துண்டு ஒட்டினேன். எல்லாம் வெட்டியாயிற்று என்று தெரிந்தபோது திரும்பிச் செல்ல வழியில்லை என்பதும் தெரிந்தது. பழைய போர்ட் கம்பியெல்லாம் இழந்து மேசை ஓரத்தில் கிடந்தது. சாய்மிதியின் சிவப்புக் கம்பியைப் புதிய போர்டில் மூன்று வோல்ற் தரும் காலிலும், மற்றவற்றை அவற்றுக்குரிய கால்களிலும் பூட்டினேன்.

முதல்முறை மின் கொடுத்தேன். புகை வரவில்லை. சிறிய பச்சை வெளிச்சம் நின்று எரிந்தது. முதல் சட்டத்தைக் கையால் அழுத்தினேன். தொலைபேசியிலிருந்து கீழ்ச்சுரம் அந்தக் கணமே எழுந்தது.

அந்தக் கணமே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய ஏற்பாட்டில் மிதிப்புக்கும் ஓசைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி எப்போதும் இருந்தது. பொத்தானின் அதிர்வு அடங்கும்வரை போர்ட் கொஞ்சம் காத்திருக்கும், செய்தி மடிக்கணினிக்குப் போக இன்னும் கொஞ்சம், மொழிமாற்றக் கொஞ்சம், ஓசையை எழுப்பக் கொஞ்சம். எல்லாம் சேர்ந்தால் ஒரு விரல் நொடிப்பின் பாதிகூட இராது. இலக்கணம் மாத்திரைக்கு அளவாகச் சொல்வது கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும். அதற்குள் அடங்கிவிடும் நேரம். இருந்தாலும் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இப்போது அது இல்லை. கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விரலோடு ஒட்டிக்கொண்டு ஓசை வந்தது. நான் செய்தவற்றுள் இதுவே ஆகத் திருத்தமானது என்று நினைத்தேன்.

அம்மாவிடம் காட்ட அவகாசம் கிடைக்கவில்லை. அவர் தவணைப் பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் இருந்தார். கீபோர்ட்டும் தேவாலயத்தில் பூட்டியிருந்தது. சமையலறை வாசலில் நின்று, "சரிவந்திட்டுதோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா, முந்தினதைவிடத் திறம்," என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் தேவாலயம் பூசணி வாசத்தோடு இருந்தது. தூண்களில் பெண்கள் வாழைக்குலைகளையும் நெற்கதிர்க் கட்டுகளையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் முன்வரிசையில், தொலைபேசியை முழங்காலில் வைத்தபடி இருந்தார். நான் மிதிபலகையைக் கீபோர்ட்டின் அடியில் தள்ளி, வயரை என் தொலைபேசியிலும் தொலைபேசியைத் தேவாலய ஒலிபெருக்கியிலும் பூட்டி, விலகினேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையை இழுத்துக்கொண்டார்.

முதல் அடியிலேயே ஏதோ பிழையென்று தெரிந்தது.

கீழ்ச்சுரம் மெட்டுக்கு முன்னே விழுந்தது. மிகச் சிறிய முந்துதல்தான். ஆனால் இசையில் முந்துவது பிந்துவதைவிட மோசம். யாரோ படியில் தடக்கி விழுந்துகொண்டே இருப்பது போல, அடிக்கு அடி அந்தத் தடக்கல் கேட்டது. அம்மா நிறுத்தினார். இருக்கையைச் சற்று முன்னே இழுத்து மறுபடி தொடங்கினார். அதே தடக்கல். மெதுவாக வாசித்தார். மெதுவாக வாசித்தபோது தடக்கல் இன்னும் தெளிவாகக் கேட்டது. தூணருகே நின்ற பெண்கள் கட்டுவதை நிறுத்தினார்கள்.

"பிள்ளை, உங்கடை பெட்டி முந்தி ஓடுதே," என்றார் அங்கிள். "பஸ்ஸைப் பிடிக்கப் போகுதோ?"

நான் குனிந்து ஒவ்வொரு சட்டத்தையும் கையால் அழுத்தினேன். கையோடு ஒட்டிக்கொண்டு ஓசை வந்தது. ஒரு சட்டத்திலும் பிழை இல்லை.

"பெட்டியிலை பிழையில்லை அங்கிள்."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. பெட்டியில் பிழையில்லை என்றால், மிச்சம் இருப்பது ஒருவர்தான்.

அம்மா காலைச் சட்டங்களிலிருந்து எடுத்து, நிலத்தில் வைத்தார். மடங்கிய விரல்களை வலது கையால் மூடிக்கொண்டார்.

"என்ரை கால்தான் பிழைக்குது," என்றார். "கை போனது காணாதெண்டு இப்ப காலும். நீங்கள் அந்தத் தம்பிக்குக் கோல் எடுங்கோ."

"பழைய பெட்டியை ஒரு நாளைக்குப் போட ஏலாதோ பிள்ளை?" அங்கிளின் குரல் இப்போது இளகியிருந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"வயரெல்லாம் வெட்டியாச்சு அங்கிள்."

அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். அம்மா செருப்பைத் தேடிக் காலைத் துழாவினார். நான் கேட்டதைத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் அடி, இரண்டாம் அடி, மெதுவாக வாசித்தது. பிழை என்பது ஒழுங்கில்லாமல் வரும். ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். நான் கேட்ட தடக்கலோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தது.

"அங்கிள், கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்து?"

"அவை தூணெல்லாம் கட்டி முடியுமட்டும்."

அவர் தூண்களைப் பார்த்தார். இரண்டு தூண்கள் மிச்சமிருந்தன. "அந்தத் தம்பிக்கும் வேற வேலை இருக்கும் பிள்ளை," என்றார். ஆனால் தொலைபேசி மறுபடி முழங்காலுக்குப் போனது.

மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து மின் கொடுத்தேன். அது விழித்தெழும்வரை நின்றது என் வாழ்வின் மிக நீண்ட நிற்றல்களில் ஒன்று. கீபோர்ட்டின் வயரையும் மிதிபலகையின் வயரையும் அதில் பூட்டி, மிடிச் செய்திகளைப் பதிவுசெய்யும் செயலியைத் திறந்தேன். மிதிபலகையின் ஓசையை அடைத்தேன்.

"அம்மா, இன்னொருக்கா வாசியுங்கோ. காலையும் வையுங்கோ. சத்தம் வராது."

"சத்தம் வராட்டி என்னத்துக்கு மிதிக்கிறது?"

"எனக்காக."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசித்தார், முதலில் ஆறுதலான பாட்டொன்று, பிறகு தாளம் விரைந்த கீர்த்தனை ஒன்று. திரையில் இரண்டு வரிசைகளாகக் கோடுகள் விழுந்தன. மேல்வரிசை அம்மாவின் வலது கை. கீழ்வரிசை இடது கால். கீழே விழுந்த ஒவ்வொரு கோடும் மேலே உள்ள கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக, அதாவது சற்று முன்னதாக, நின்றது. ஆறுதலான பாட்டிலும் அதே தூரம். விரைவானதிலும் ஏறத்தாழ அதே தூரம். ஒரு தையல்காரர் அளவுகோல் வைத்து அடையாளமிட்டது போலிருந்தது.

அந்தத் தூரத்தை நான் அறிவேன். அளந்து அறிந்ததில்லை, ஆனால் ஓராண்டாகக் காதில் உறுத்திய இடைவெளி அது.

"அம்மா, கால் பிழைக்கேல்லை," என்றேன். "பழைய பெட்டி பிந்திச் சத்தம் போட்டது. அது பிந்தும் எண்டு உங்கடை காலுக்குத் தெரியும். அதுதான் முந்தி மிதிக்குது. இப்ப பெட்டி பிந்தேல்லை. கால் மட்டும் பழைய மாதிரி மிதிக்குது."

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் முந்தி மிதிக்கிறனான் எண்டு எனக்குத் தெரியாதே."

"எனக்கும் தெரியாது. நான் கையாலை அழுத்தித்தான் பாத்தனான்."

"அப்ப ஒரு வருஷமா நான் பிழையா வாசிச்சனானோ?"

"இல்லை. சரியா வாசிச்சனீங்கள். பெட்டிதான் பிழை."

"பிழையான பெட்டிக்கு நான் பழகினது பிழையில்லையோ?" என்றார். அது கேள்வியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிள் எழுந்து வந்து எங்கள் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்; கோடுகளில் அவருக்கு எதுவும் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"பிந்த வைக்கப் போறன்," என்றேன்.

"காசு குடுத்துப் புதுசு வாங்கி, அதைப் பழசு மாதிரிப் பிந்த வைக்கப் போறாவாம்," என்று அவர் தூணருகே நின்ற பெண்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை.

எவ்வளவு நேரம் பிந்த வேண்டும் என்பதைத் திரையிலுள்ள கோடுகளே சொல்லின. அதை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. வெறுமனே நில் என்று எழுதினால், நிற்கும் நேரத்தில் வரும் அடுத்த மிதிப்பைப் போர்ட் காணாது. ஒவ்வொரு மிதிப்பையும் ஒரு வரிசையில் நிறுத்தி, அதற்குரிய நேரம் வந்ததும் ஒவ்வொன்றாக வெளியே விட வேண்டும். முன்வரிசை வாங்குப் பலகையில் மடிக்கணினியை வைத்து, நிலத்தில் முழங்காலிட்டு எழுதினேன். ஒரு தூண் முடிந்து பெண்கள் கடைசித் தூணுக்கு நகர்ந்தது தலையை உயர்த்தாமலே தெரிந்தது.

எழுதியதைப் போர்டுக்குள் ஏற்றி, தொலைபேசியைப் பூட்டி, அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் ஒரு சட்டத்தைச் சட்டெனத் தட்டிக் காலை எடுத்தார்.

கீழ்ச்சுரம் எழுந்தது. கால் விலகிய பிறகும் சுரம் நிற்கவில்லை. அடுத்த சட்டத்தைத் தட்டினார். இரண்டாவது சுரமும் முதலாவதோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் ஆலயம் முழுவதும் நிறைந்து, பீடத்தின் முன் அடுக்கிய தகரத் தட்டுகளை அதிர வைத்தன.

"உது இனி நிக்காதோ?" என்று அங்கிள் சத்தமாகக் கேட்டார். "நாளைக்குப் பிரசங்கத்துக்கும் உதுதான் பின்னணியோ?"

வயரைப் பிடுங்கினேன். அமைதியில் என் காதுகள் இரைந்தன. பிழை எங்கேயென்று பார்க்க வெகுநேரம் தேவைப்படவில்லை. மிதிப்பைக் காக்க வைத்தேன்; விடுவதைக் காக்க வைக்க மறந்துபோனேன். சட்டெனத் தட்டிக் காலை எடுக்கும்போது, விட்டாயிற்று என்ற செய்தி, தொடங்கிற்று என்ற செய்திக்கு முன்னரே ஓடிவிட்டது. முடிவு முன்னால் போய்விட, அதன் பின்னால் தொடங்கிய சுரத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. இரண்டையும் ஒரே அளவு காக்க வைத்து மறுபடி ஏற்றினேன். என் விரல்கள் இரண்டு முறை தவறான விசையில் விழுந்தன.

"தட்டிப் பாருங்கோ அம்மா."

தட்டினார். சுரம் எழுந்தது, கால் எடுத்ததும் அடங்கியது. அவர் என்னைப் பாராமல் பாட்டைத் தொடங்கினார்.

முதல் அடி சேர்ந்து வந்தது. மெட்டும் கீழ்ச்சுரமும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. தூணருகே நின்ற ஒருவர் தன்னை அறியாமல் முணுமுணுத்துப் பாடத் தொடங்கினார். அடியின் முடிவில் அவர் இழுத்தார், அம்மா காத்திருந்தார், அவர் மூச்சுவிட்டார், அம்மா தொடர்ந்தார். அங்கிள் பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு, தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி ரீச்சர். நாளைக்கு நீங்கள்தான். ஆனால் கடைசி அடியை உப்பிடி இழுக்காதேங்கோ."

"இழுக்கிறது நானில்லை. சனம்."

"சனத்துக்கும் சொல்லுங்கோ, மாமரத்துக்குக் கீழை மீன் கிடக்கெண்டு."

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஞாயிறு காலையில் அம்மா சேலைக் கரையைச் சரிசெய்துகொண்டே தம் இடது பாதத்தை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அதன் ஆபத்தை உணரவில்லை.

தேவாலயம் நிறைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பின்வரிசை வாங்குகளில் விசிறிக்கொண்டிருந்தார்கள். போதகர் முதற் பாட்டை அறிவித்தார். அம்மா முன்னிசையை வலது கையால் மட்டும் வாசித்தார். சபை எழுந்தது. கால் சட்டத்தில் விழுந்தது.

இம்முறை கீழ்ச்சுரம் பிந்தி வந்தது.

முன்னர் இருந்ததைவிட அதிகமாக, எவருக்கும் கேட்கக்கூடிய அளவுக்குப் பிந்தி வந்தது. இரண்டாவது சுரம் முந்தியது. மூன்றாவது மறுபடி பிந்தியது. நான் பாடற்குழுவின் ஓரத்தில் நின்றேன். அங்கிருந்து அம்மாவின் பாதம் தெரிந்தது. அது சட்டத்துக்கு மேலே உயர்ந்து, தயங்கி, பிறகு இறங்கியது. ஓராண்டாகத் தானே தெரிந்துகொண்டு விழுந்த பாதம், இப்போது எப்போது விழுவது என்று கேட்டுக்கொண்டு விழுந்தது. நான் சொன்னதுதான் காரணம். பெட்டியை மட்டும் திருத்திவிட்டுச் சும்மா இருந்திருந்தால், அம்மா தம் காலைப் பற்றி ஒருபோதும் நினைத்திருக்கமாட்டார்.

பெட்டியில் நான் மாற்றக்கூடியது எதுவும் இருக்கவில்லை. முன்வரிசை ஓர் இடத்திலும் பின்வரிசை வேறோர் இடத்திலும் போய்க்கொண்டிருந்தன. அங்கிள் நடுவழியில் நின்று பாட்டுப் புத்தகத்தை மூடினார். யாழ்ப்பாணத்துத் தம்பியை நினைத்துத்தான் மூடினார் என்று எனக்குப் பட்டது. போதகர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

முதற் சரணத்தின் கடைசி அடி வந்தது. சபை வழக்கம்போல அதை இழுத்தது. ஆனால் சிதறி இழுத்தது. முன்னே இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள், பின்னே இருந்தவர்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையை நிமிர்த்தினார். கீபோர்ட்டிலிருந்து கண்ணை எடுத்து, பின்வரிசையில் இருந்தவர்களின் வாய்களைப் பார்த்தார். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முன்வரிசைக்காரர்கள் அந்தச் சுரம் நிற்பதைக் கேட்டு, விட்ட எழுத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒன்றாக முடிக்கும்வரை அம்மா விடவில்லை. பிறகு சபை முழுவதும் ஒன்றாக மூச்சுவிட்டது. அந்த ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது சரணத்தை அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார். பாதத்தை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. அது தயங்காமல் விழுந்தது. கீழ்ச்சுரம் மெட்டின் அடியில் சரியாக வந்து உட்கார்ந்தது. அடுத்த சரணமும், காணிக்கைப் பாட்டும், பூசணிகளையும் குலைகளையும் ஏந்திக்கொண்டு வந்தவர்களுக்கான நீண்ட கீர்த்தனையும் அப்படியே போயின. நான் பாட வேண்டியவற்றில் பாதியைப் பாடவில்லை.

ஏலம் பிந்தித்தான் தொடங்கியது. அங்கிள் மணிக்கூட்டைப் பார்த்தபடி எங்களைக் கடந்து போனார்.

"முதல் பாட்டிலை என்னைக் கொல்லப் பாத்தியள் ரீச்சர்."

"பிறகு உயிர் தந்தனானெல்லோ," என்றார் அம்மா.

அவர் போன பிறகு அம்மா குனிந்து மிதிபலகையின் வயரைச் சுற்றத் தொடங்கினார். வெளியே மீனுக்கு விலை ஏறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பாராமலே பேசினார்.

"அந்தப் பிந்திறதை எப்பவும் உப்பிடியே விடப்போறியோ?"

"உங்களுக்கு வசதியெண்டால் விடலாம்."

"வேண்டாம். அது பெட்டியின்ரை பிழை எண்டு நீதானே சொன்னனி. அந்தப் பிழையை நான் காலிலை காவிக்கொண்டு திரிய வேண்டாம்." வயரின் நுனியை முடிச்சிட்டார். "கொஞ்சங் கொஞ்சமாக் குறை. எனக்கு விளங்காத மாதிரி. ஒருநாளைக்கு ஒண்டுமில்லாமல் வரட்டும்."

"எவ்வளவு குறைச்சனான் எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்லட்டோ?"

"சொல்லாதை," என்றார் உடனேயே. "நீ சொன்னபடியாத்தான் இண்டைக்கு முதல் பாட்டு நாசமாப் போனது. குறைச்சனியோ இல்லையோ எண்டுகூடச் சொல்லாதை. நான் கேட்டாலும் சொல்லாதை."

அவர் கேட்கிறார். சில சனிக்கிழமைகளில், நான் மடிக்கணினியைத் திறக்கும்போது, தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்கிறார். நான் பதில் சொல்வதில்லை. சில கிழமைகளில் தாமதத்துக்குரிய எண்ணைச் சிறிது குறைப்பேன். சில கிழமைகளில் தொடாமல் மூடிவிடுவேன். மறுநாள் பாடற்குழுவின் ஓரத்தில் நின்று, எவருக்கும் கேட்காத ஒன்றுக்காகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பேன். அம்மாவின் பாதத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த எண் எதிலிருந்து தொடங்கியது, இப்போது எங்கே நிற்கிறது, பூச்சியத்தை அடைந்துவிட்டதா என்பவற்றை இங்கேயும் எழுதவில்லை. அம்மா இதை வாசிப்பார்.